கேட்டுச் செய்கிறவர்

அவர் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றவே கொஞ்ச நேரம் ஆகும். இடப்பக்கம் விடுவதா, வலப்பக்கம் விடுவதா என்று பார்ப்பார். யாராவது கண்ணில் பட்டால், "இங்க உடலாமுங்களா?" என்று கேட்பார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்த வீடு அது. செருப்பு விடுகிற இடம் ஒருநாளும் மாறியதில்லை. ஆனாலும் கேட்பார். விடுங்கள் என்று சொன்ன பிறகுதான் கால் செருப்பிலிருந்து வெளியே வரும்.

உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்காருவார். என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "ஏனுங்க சார், ஒரு ரோசனை கேக்கோணுங்க" என்று தொடங்குவார். யோசனையைத்தான் எங்கள் பக்கத்தில் ரோசனை என்போம். அவர் வேலை பார்த்த லேத் பட்டறையில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. "டேய், ரோசனை வர்றாருடா. ஆளுக்கொரு பதில் எடுத்து வைங்க" என்று பையன்கள் சிரிப்பார்கள். அவரும் கூடச் சிரித்துவிட்டு, முதலில் அகப்பட்டவனிடம் எதையாவது கேட்டுவிடுவார்.

அந்தப் பட்டறையை வைத்திருந்தவன் என்னிடம் படித்தவன். நான் ஒரு பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். மனைவியின் ஊர் திருப்பூர் என்பதால் இங்கே வந்து தங்கினோம். மகன்கள் இருவரும் வெளிநாட்டில். இந்த மனிதர் கேட்ட ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல், அல்லது பதில் சொல்லி அலுத்துப்போய், "எங்க சாரப் போயிக் கேளுங்க" என்று என் மாணவன் அனுப்பிவைத்தான். அப்படித்தான் அவர் வந்தார். வந்தவர் பிறகு வருவதை நிறுத்தவே இல்லை.

அவருக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. மங்கலம் ரோட்டில் ஒரு லைன் வீட்டில் தனியாகக் குடியிருந்தார். வேலையில் அவர் மேதை ஒன்றுமில்லை. "கை சுமாருங்க சார். ஆனா லீவு போட மாட்டாரு" என்பான் என் மாணவன். குடியில்லை, கடனில்லை, யாரிடமும் சண்டையில்லை. கேட்பது ஒன்றுதான் இருந்தது.

ஓட்டலுக்குப் போனால் என்ன சாப்பிடலாம் என்று சர்வரைக் கேட்பார். சர்வர் சொன்னதைப் பக்கத்து மேசைக்காரரிடம் சரிபார்ப்பார். கடைசியில் அவர்கள் சொன்னதைத்தான் சாப்பிடுவார், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். கேட்கிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர் உண்டு. கேட்டுவிட்டுத் தன் இஷ்டத்துக்குச் செய்வார்கள். இவர் அப்படியில்லை. சொன்னதைச் செய்துவிடுவார். அதுதான் அவரிடம் எனக்கு முதலில் வேடிக்கையாகவும் பிறகு பயமாகவும் இருந்தது.

ஒருமுறை மீசை இல்லாமல் வந்து நின்றார். முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்தில் கடைக்காரர் பேச்சுவாக்கில், "மீசைல நரை தெரியுது, எடுத்தரட்டுங்களா?" என்று கேட்டிருக்கிறார். இவர் பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவரைத் திரும்பிப் பார்த்து, "எடுக்கலாமுங்களா?" என்றிருக்கிறார். அந்த ஆள் பேப்பரை விட்டுத் தலையைக்கூட நிமிர்த்தாமல், "எடுங்க, எடுங்க. பத்து வயசு கொறஞ்சிரும்" என்று சொல்லியிருக்கிறார். என் மனைவி அவரைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். மேலுதட்டைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றார். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "உங்களுக்குப் புடிச்சு எடுத்தீங்களா தம்பி?" என்றாள்.

"அது தெரீலீங்க அக்கா. அவுரு எடுன்னாருங்க."

"உங்களுக்கு எது புடிச்சிருக்குன்னு மொதல்ல உங்களக் கேட்டுப் பாருங்க."

அவருக்கு அது புரியவில்லை. அவளிடம் எதைக் கேட்டாலும் இப்படிக் கேள்வியையே திருப்பிக் கொடுப்பாள். அதனால் அவளிடம் அவருக்கு மரியாதை இருந்ததே தவிர, யோசனை கேட்க என்னிடம்தான் வருவார். நான் பதில் சொல்லிவிடுவேன். எனக்கு அது பிடித்திருந்தது. முப்பது வருடங்களுக்கு மேலாக எதிரே பெஞ்சுகள் நிறையப் பிள்ளைகள் உட்கார்ந்து கேட்கப் பேசிக்கொண்டிருந்தவன் நான். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. பால்காரர் மட்டும் நாளைக்கு எவ்வளவு என்று கேட்பார்.

ஏன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள் என்று ஒரு ஞாயிறு நானே கேட்டுவிட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கேட்டுச் செஞ்சா, தப்பாப் போனாலும் கூட ஒரு ஆளு இருக்குதில்லீங்க" என்றார்.

அதற்குப் பிறகுதான் பழைய கதை ஒன்றைச் சொன்னார். முப்பது வயதில் காங்கயம் பக்கம் ஒரு பெண்ணைப் பார்க்கப் போயிருந்தாராம். பெண் தண்ணீர் கொடுக்கும்போது டம்ளரின் அடியைத் தன் முந்தானையால் துடைத்துக் கொடுத்ததாம். அது அவருக்குப் பிடித்துப்போயிற்று. ஊருக்கு வந்து அக்கா வீட்டுக்காரரைக் கேட்டார். அவர் கொஞ்சம் பொறு என்றார். பட்டறை முதலாளியைக் கேட்டார். அவர் ஆடி போகட்டும் என்றார். இன்னொருவர் அந்த ஊர்த் தண்ணீர் சரியில்லை என்றார். எல்லோருடைய பதிலையும் சேர்த்துக்கொண்டு இவர் ஒரு முடிவுக்கு வருவதற்குள் அந்தப் பெண்ணுக்குக் கண்ணாலம் ஆகிவிட்டது. "இத ஆருகிட்டயும் சொன்னதில்லீங்க சார்" என்றார். என் மனைவி சமையலறையில் இருந்தாள். அவளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள், ஞாயிறுகூட இல்லை, வேலை நாளில், மத்தியான வெயிலில் ஓடிவந்தார். செருப்பை எங்கே விடுவது என்று கேட்கவில்லை. முகம் வேர்த்திருந்தது.

"சார், ஒரு மெஷினு வாங்கிப்போட்டனுங்க. ஆரையும் கேக்கலீங்க."

பழைய சர்ஃபேஸ் கிரைண்டர், சுற்றுகிற கல்லால் இரும்பின் முகத்தைத் தேய்த்துச் சமமாக்குகிற மெஷின். ஏதோ ஒரு பட்டறையை மூடிக்கொண்டு போகிறவர், இன்றைக்கே எடுத்துக்கொண்டால் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். கேட்க ஆள் தேடி வருவதற்குள் வேறு யாராவது கொண்டுபோய்விடுவார்கள் என்று பயந்து, சேர்த்துவைத்ததை எடுத்துக் கொடுத்துவிட்டார். திருப்பூரில் பனியன் துணி பின்னுகிற மெஷின்களுக்குள் கேம் என்று சிறிய இரும்புத் துண்டுகள் இருக்கும். ஊசிகளை ஏற்றி இறக்குவது அவைதான். அவை தேய்ந்தால் துணியில் கோடு விழும். அவற்றின் முகத்தை அரைத்துச் சமப்படுத்திக் கொடுக்க ஆள் எப்போதும் தேவை. பட்டறை வேலையை விட்டுவிட்டு, மங்கலம் ரோட்டிலேயே ஒரு ஷெட் பிடித்து, அந்த ஒரு மெஷினை வைத்துக்கொண்டு தானே முதலாளியாக இருந்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

நான் போய்ப் பார்த்தேன். நல்ல மெஷின். உண்மையிலேயே நல்ல மெஷின். கல்லுக்குக் கீழே அதன் மேசை வழுக்கிக்கொண்டு போய் வந்தது. கல் சுற்றும்போது அதிர்வே இல்லை. பெயின்ட் போய், துரு கொஞ்சம் ஏறியிருந்தது, அவ்வளவுதான். "பிரமாதம்" என்றேன். அவர் மெஷினின் பக்கவாட்டில் கையை வைத்து, மாட்டைத் தட்டுவதுபோல் இரண்டு தட்டுத் தட்டினார். அவரை அந்த அளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அதில் ஒன்றுதான் இல்லை. மேக்னட் சக். மேசைமேல் பொருத்துகிற காந்தப் பலகை அது. அரைக்க வேண்டிய இரும்பை அதன்மேல் வைத்தால், கவ்வியோ திருகாணியோ இல்லாமல் காந்தமே பிடித்துக்கொள்ளும். அதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் பக்கத்தில் ஒரு பிடி இருக்கும். கையால் திருப்பினால் பிடிக்கும், மறுபடி திருப்பினால் விடும். கரண்டே தேவையில்லை. இன்னொன்று கரண்டில் வேலை செய்வது. சுவிட்சைப் போட்டால் பிடிக்கும், அணைத்தால் விடும். இன்னும் கெட்டியாகப் பிடிக்கும்.

மெஷினை யாரையும் கேட்காமல் வாங்கியவர், அதற்குச் சேர்த்துவைத்து சக்குக்காகக் கேட்க ஆரம்பித்தார். கிரைண்டர் வைத்திருக்கிற ஒவ்வொரு பட்டறையாகப் போய் என்ன சக் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்பார். ஞாயிறு வந்து அத்தனையையும் என்னிடம் ஒப்பிப்பார். ஒருவர் கைப்பிடிதான் நல்லது என்றார். இன்னொருவர் அது சின்னத் துண்டுகளைச் சரியாகப் பிடிக்காது என்றார். வேறொருவர், காந்தக் கோடுகள் நெருக்கமாக இருக்கிற சக்காகப் பார்த்து வாங்கினால் பிடிக்கும் என்றார். மேசை நீளத்துக்கு வாங்குவதா, கொஞ்சம் குறைவாகவா? பழசா, புதுசா? பழசென்றால் மேல்முகம் எவ்வளவு தேய்ந்திருந்தால் பரவாயில்லை? நான் முதலில் ஆர்வமாகப் படம் போட்டு விளக்கினேன். வாரங்கள் போயின. மாதங்களும் போயின. ஷெட்டுக்கு வாடகை போய்க்கொண்டிருந்தது. மெஷின் சாக்குப் போர்த்திக்கொண்டு நின்றது. கேட்டில் சத்தம் கேட்டாலே எனக்கு எரிச்சல் வர ஆரம்பித்தது. "தூங்கறேன்னு சொல்லிடு" என்று மனைவியிடம் சொன்ன ஞாயிறுகளும் உண்டு. அவள் அப்படிச் சொல்ல மாட்டாள். "வாங்க தம்பி, முழிச்சுட்டுத்தான் இருக்காரு" என்பாள்.

கடைசியில் அவரைக் கூட்டிக்கொண்டு கோயமுத்தூர் போனேன். பழைய மெஷின்களும் சாமான்களும் விற்கிற கடை. அவர் ஏற்கெனவே பலமுறை வந்து பார்த்த கடைதான். இரண்டு சக் தரையில் கிடந்தன. ஒன்று கைப்பிடி போட்டது, கோடுகள் நெருக்கமாக இருந்தன, முகத்தில் லேசான பள்ளம். மற்றது கரண்டில் ஓடுவது, பளபளவென்று இருந்தது. இவர் இரண்டுக்கும் நடுவில் குந்தி உட்கார்ந்துகொண்டார். விரலால் தடவினார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

கடைக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தார். மெஷின் பார்க்க வந்த இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏனுங்க," என்றார் கடைக்காரர் என்னைப் பார்த்து, "பொண்ணு பாக்கறதுக்குக்கூட ஆரும் இத்தன நடை நடக்க மாட்டாங்க. இவுரு இந்தச் சக்குக்கு நடந்த நடைல ஒரு கல்யாணமே முடிஞ்சிருக்கும்."

டீ குடித்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் என்னையும் பார்த்தார்கள். இந்த ஆளோடு வந்தவன் நான். வெள்ளைச் சட்டையும் கண்ணாடியுமாக, படித்தவனாகத் தெரிகிற நான். இவரோடு சேர்த்து என்னையும் பார்த்துச் சிரிப்பதாக எனக்குப் பட்டது.

"பொண்ணு பாக்கப் போயும் இதே கதைதாங்க" என்றேன் நான். "இவர் எல்லாரையும் கேட்டு முடிக்கறதுக்குள்ள அந்தப் பொண்ணு ரெண்டு புள்ள பெத்துருச்சு."

கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். தலையைக் குனிந்து சக்கைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

நான் ஏதோ ஜெயித்துவிட்டவன்போல, "எந்திரிங்க. கரண்டுல ஓடறதயே எடுங்க. இதுல ரோசன பண்ண என்ன இருக்கு?" என்றேன்.

அவர் எழுந்தார். "செரிங்க சார்" என்றார். பிறகு எப்போதும்போல் ஒரு கேள்வி. "கரண்டு நின்னுபோச்சுன்னாங்க?"

"கரண்டு நின்னா கல்லும் நின்னுரும். நீங்களும் நின்னுக்குங்க" என்றேன். மறுபடி சிரிப்பு. ஒருவர் டீ புரையேறி இருமினார்.

கல் நிற்காது. கரண்ட் போனாலும் அந்தக் கனத்துக்கு, அந்த வேகத்துக்கு, அது வெகுநேரம் தானே சுற்றிவிட்டுத்தான் ஓயும். காந்தம்தான் அந்த நொடியிலேயே விட்டுவிடும். சுற்றுகிற கல்லின் கீழே பிடிப்பில்லாத இரும்பு. இதை நான் வகுப்பில் வருடந்தோறும் சொல்லியிருக்கிறேன். பரீட்சையில் கேள்வியாகக் கொடுத்திருக்கிறேன். சொல்லி வாய் மூடுவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது, தவறாகச் சொல்கிறேன் என்று. ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பின் நடுவில், இல்லை இல்லை, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ்ஸில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பஸ்ஸில் அவர் சக்கைச் சாக்கில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொண்டு, "ஒரு வழியா முடிஞ்சுதுங்க சார். நீங்க இல்லாட்டி நா இன்னும் கேட்டுட்டுத்தான் இருப்பனுங்க" என்றார். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். அப்புறம் வந்த ஞாயிறுகளில் அவர் தொழிலைப் பற்றியே பேசினார். எந்தெந்தக் கம்பெனியிலிருந்து கேம் வருகிறது, யார் நல்லவர்கள் என்று. எனக்குச் சொல்ல நேரம் இருந்தது. சொல்லியிருந்தால் ஒரு பாதுகாப்பு வைத்துக்கொண்டிருக்கலாம், அல்லது சக்கையே மாற்றியிருக்கலாம். இத்தனை நாள் கழித்துச் சொன்னால் அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று இருந்தது. அவர் கேட்டிருக்க மாட்டார். கேட்டால்தான் என்ன?

கரண்ட் பஞ்சம் வந்த வருடங்கள் திருப்பூர்க்காரர்களுக்கு மறக்காது. சொல்லிவிட்டும் போகும், சொல்லாமலும் போகும். ஊரே சட்டென்று ஊமையாகி, ஒரு மூச்சு கழித்து ஜெனரேட்டர்கள் உறும ஆரம்பிக்கும். அப்படி ஒரு முற்பகலில், அவர் ஒரு கேமை வைத்து அரைத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று. காந்தம் விட்டுவிட்டது. கல் விடவில்லை. அந்தத் துண்டு அவர் இடது கண்ணில் வந்து அடித்தது. அவர் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருக்கவில்லை. போட்டிருக்க வேண்டியதுதானே என்று நான் எனக்கே சொல்லி ஆறுதல் தேடிக்கொண்ட நாட்களும் உண்டு. அந்தப் பட்டறைகளில் அப்போது யாரும் போடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரிக்கு நானும் மனைவியும் போனோம். உடனே போகவில்லை. கட்டுப் பிரித்து, கண் போய்விட்டது என்று உறுதியான பிறகுதான் எனக்குப் போக முடிந்தது. அவருடைய அக்கா கட்டிலின் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து புலம்பினார்.

"பழைய மெஷினு வேண்டான்டா, திருப்பிக் குடுத்துருடான்னு தலபாடா அடிச்சுக்கிட்டனுங்க. ஆரு காலத்து மெஷினோ. ஆரையும் கேக்காமக் கொள்ளாமப் போயி வாங்கிப்போட்டு வந்தான். இப்பப் பாருங்க."

எனக்குத் தப்பிப் போகிற வழி ஒன்று திறந்ததுபோல் இருந்தது. "பழசுன்னா அப்படித்தானுங்க அம்மா. எப்ப என்ன பண்ணும்னு சொல்ல முடியாது" என்றேன்.

கட்டிலில் இருந்தவர் தலையைத் திருப்பினார். ஒரு கண்ணால் என்னைப் பார்க்க முழு முகத்தையும் திருப்ப வேண்டியிருந்தது.

"அப்பிடீங்களா சார்? மெஷினுதானுங்களா?"

"ஆமா."

"நல்லா இருக்குதுன்னு சொன்னீங்களே?"

"பார்வைக்கு நல்லா இருந்துச்சு. உள்ள என்ன தேஞ்சு கெடந்துச்சோ."

அவர் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். "அப்ப அதக் குடுத்தரலாமுங்களா?"

"குடுத்துருங்க" என்றேன்.

கொடுத்துவிட்டார். பழைய இரும்புக்காரர் வந்து சக்கோடு சேர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். ஷெட்டைக் காலி செய்தார். அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியின் கேட்டில் உட்காருகிற வேலை கிடைத்தது. உள்ளே வரும் வண்டியை நிறுத்தி, எங்கிருந்து என்று விசாரிக்கிற வேலை. நாள் முழுக்கக் கேள்வி கேட்கிற வேலை என்று பட்டறைப் பையன்கள் சிரித்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் என் மனைவி, "அந்த மெஷினு நல்லா இருக்குதுன்னு ஊட்டுக்கு வந்து அவ்வளவு சொன்னீங்களே?" என்று மட்டும் கேட்டாள். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

அவர் ஞாயிறுகளில் வருவதை நிறுத்தவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. பழையபடி செருப்பு, பழையபடி தண்ணீர், பழையபடி ஒரு ரோசனை. கறுப்புக் கண்ணாடி ஒன்று மட்டும் புதிது. அதையும் என்னிடம் கேட்டுத்தான் வாங்கினார்.

பிறகு என் மனைவி இறந்தாள். காரியங்கள் முடிந்து மகன்கள் விமானம் ஏறிப் போன பிறகு, அந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒரே மனிதர் அவர். சமையலறைக்குப் போய்த் தானே தண்ணீர் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு, எடுத்துக்கொண்டு வந்து உட்காருவார். இரண்டு பேரும் பேசாமல்கூட இருப்போம். டி.வி. ஓடும். ஞாயிற்றுக்கிழமைக்காக நான் மற்ற ஆறு நாட்களையும் ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் அது மிகையில்லை.

அப்படி ஒரு ஞாயிறு அவர் கேட்டார்.

"சார், ஆஸ்பத்திரில வேற கண்ணு வெச்சுக்கலாமுங்கறாங்க. கண்ணாடிக் கண்ணாட்டம். பார்வை வராதுங்க, பாக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாதாமா. வெச்சுக்கட்டுங்களா?"

வெச்சுக்குங்க என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் செரிங்க என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். என்னால் முடியவில்லை. அவருக்காகச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். இல்லை. வீடு அப்படி அமைதியாக இருந்தது. மனைவி ஆட்டோவில் கேட்ட கேள்வி தினமும் அந்த அமைதியில் கேட்டுக்கொண்டிருந்தது. அதை இறக்கிவைக்க எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. இருந்தது அவர் ஒருவர்தான்.

எல்லாவற்றையும் சொன்னேன். கடையில் சொன்னது தவறு, சொல்லும்போதே தவறென்று தெரியும், அப்புறமும் சொல்லவில்லை, ஆஸ்பத்திரியில் சொன்னது பொய். எதையும் விடவில்லை. அந்தப் பெண்ணின் கதையைக் கடையில் போட்டு உடைத்ததற்கும் மன்னிப்புக் கேட்டேன்.

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கல்லு நிக்காதுன்னு கடைலயே தெரியுங்களா?"

"தெரியும்."

"அப்ப மெஷினு நல்லாத்தான் இருந்துச்சுங்களா சார்?"

"நல்ல மெஷின். அதுமேல ஒரு குத்தமும் இல்ல."

"நா அத வண்டில ஏத்தறப்ப காலால ஒதச்சனுங்க" என்றார். "சனியனேன்னு சொல்லித்தானுங்க அனுப்புனேன்."

டி.வி.யில் யாரோ சிரித்தார்கள். எழுந்துபோய் அணைத்தேன். அணைத்ததும் இன்னும் மோசமாக இருந்தது.

என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குரலில் கோபம் இல்லை. வழி தவறியவர் விசாரிக்கிற குரல்தான்.

"இதைச் சொல்லாமயே இருந்திருக்கலாமுங்க சார். கண்ணு போனது போனதுதானுங்க. இனி நா ஆருகிட்டப் போயிக் கேக்கறதுங்க?"

அதுவும் என்னிடம் கேட்ட கேள்விதான். பிறகு டம்ளரைக் கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நான் மாலை வரை கதவைத் திறந்தே வைத்திருந்து பார்த்தேன். அருள்புரத்துக்குப் போய் அந்தக் கம்பெனி கேட்டில் விசாரிக்கலாம் என்று கிளம்பி, பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

ஒரே ஒருமுறை அவரைப் பார்த்தேன். மழைக்காலத் தொடக்கம். பழைய பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே, தள்ளுவண்டியில் குடை விற்கிறவரிடம் நின்றுகொண்டிருந்தார். மீசை வைத்திருந்தார். கறுப்புக் கண்ணாடி அப்படியே இருந்ததால் கண் வைத்துக்கொண்டாரா இல்லையா என்று தெரியவில்லை. ஒரு குடையை விரித்து, ஒற்றைக் கண்ணுக்கு நேராக வெளிச்சத்தில் பிடித்துத் துணியைப் பார்த்தார். மடக்கினார். இன்னொன்றை எடுத்து விரித்தார். வண்டிக்காரர் ஏதோ சொன்னார். இவர் தலையாட்டினார், ஆனால் எடுக்கவில்லை. பிறகு, இரண்டு குடைகளையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு, முழு முகத்தையும் திருப்பிச் சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்தில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

முகம் என் பக்கம் திரும்புவதற்குள் நான் அங்கே நின்றிருந்த ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் போய்விட்டேன். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கறுப்புக் குடையை எடுங்கள் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்? பஸ்ஸின் பின்கண்ணாடி வழியே பார்த்தேன். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. அவர் இரண்டு குடைகளையும் கவனமாக மடித்து, பட்டனைப் போட்டு, வண்டியில் இருந்த இடத்திலேயே வைத்தார். வண்டிக்காரரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு நடந்தார்.